பல்லைக் காட்டுங்கள், பதில் சொல்கிறேன்

கே: விடுதியில் என் அறைத்தோழி மணிப்பூர்க்காரி. அவளுடைய மேல் முன்பற்களின் உட்பக்கம் நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் தடித்திருக்கிறது. என் பல் உள்ளேயும் சமமாக இருக்கிறது. யாருடைய பல் சரி?
– கல்லூரி மாணவி, கோவை

ப: முறுக்கைக் கடிக்க இரண்டுமே சரி. மண் அள்ளும் ஷவலைப் போலக் குழிந்திருப்பதால் உங்கள் தோழியின் பல்லை ‘ஷவல் பல்’ என்பார்கள். இது யார் யாருக்கு எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று 1920இல் விரிவாக எழுதியவர் அலெஷ் ஹ்ர்ட்லிச்கா. செக் மண்ணில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த மானுடவியலாளர். கிழக்கு ஆசியரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் ஆழமான குழிவு சர்வசாதாரணம். ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் லேசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஏன் இப்படி என்று புரிய அதற்குப் பிறகு எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. நம் எல்லாரிடமும் ‘ஈடார்’ என்றொரு மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தின் 370ஆவது இடத்தில் பலருக்கு வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கும். கிழக்கு ஆசியர் பெரும்பாலோருக்கு அங்கே அலனின். வித்தியாசம் அவ்வளவுதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால் குழிவு ஆழம், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் சுமார். இதே மாற்றம்தான் தலைமுடியையும் தடிமனாக்குகிறது. தோழியின் முடியையும் தொட்டுப் பாருங்கள்.

2013இல் இந்த மாற்றத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்கு முடி தடித்தது, பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் கூடின, பால்சுரப்பியின் கிளைகளும் அதிகமாயின. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் சீனப் பகுதியில் இது தோன்றியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு. அப்படியானால் இயற்கை எதற்காக இதைத் தேர்ந்தெடுத்துப் பரப்பியது? லெஸ்லியா ஹ்லுஸ்கோவும் அவருடைய சகாக்களும் 2018இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பனியுகத்தில் ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே பெரிங்கியா நிலப்பகுதியில் மக்கள் தங்கியிருந்தார்கள். வெயில் போதாத இடம். குழந்தைக்கு வைட்டமின் டி கிடைக்கத் தாய்ப்பால்தான் வழி. பால் நாளங்கள் கிளைத்து வளர்ந்த தாய்மாரின் பிள்ளைகள் பிழைத்தார்கள். பல்லின் குழிவு அதோடு சேர்ந்து வந்தது. நிரூபணமான முடிவு இல்லை, கருதுகோள்தான். ஆனாலும் நான் விரும்பித் திரும்பத் திரும்பப் படித்த கருதுகோள்.

இந்தியாவுக்குள்ளேயே பாருங்கள். திபெத்திய-பர்மிய மொழி பேசும் மக்களிடம் இந்த மாற்றம் பரவலாக இருக்கிறது. முண்டா மொழி பேசுவோரிடம் கொஞ்சம். அவர்களுடைய முன்னோரில் ஒரு பகுதியினர் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர்கள். திராவிட மொழி பேசும் நம்மிடம் ஏறக்குறைய இல்லை.

கே: அப்படியென்றால் பல்லைப் பார்த்தே ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாமா?
– போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை

ப: ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றி ஓரளவு சொல்லலாம். ஒற்றை ஆளைப் பற்றி என்றால் நிதானம் வேண்டும்.

அமெரிக்காவின் கிறிஸ்டி டர்னர் ஆயிரக்கணக்கான மண்டையோடுகளின் பற்களைப் பார்த்தவர். ஆசியப் பற்களை இரண்டு பெரிய வகையாகப் பிரித்தார். வடகிழக்கு ஆசியர், அமெரிக்கப் பழங்குடியினர் ஒரு வகை: ஆழமான ஷவல், கீழ்க் கடைவாய்ப்பல்லில் பலருக்கு மூன்றாவது வேர். தென்கிழக்கு ஆசியர் இன்னொரு வகை: அதே அம்சங்கள், ஆனால் அடக்கமாக. ஒருவர் ‘லேசு’ என்பதை இன்னொருவர் ‘ஆழம்’ என்று எழுதிவிடக் கூடாதே. அதற்காக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்படியாக அளவிட்ட பிளாஸ்டர் மாதிரிகளைச் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். இன்றும் அவைதான் அளவுகோல்.

இவ்வளவு கவனமான துறையும் சறுக்கிய இடம் உண்டு. 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஏறத்தாழ 8,500 ஆண்டு பழமையான ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கென்னவிக் மனிதர் என்று பெயர் வைத்தார்கள். மண்டையோட்டு அளவுகளைப் பார்த்தவர்கள் ஜப்பானின் ஐனு மக்களையும் பாலினீசியரையும் சுட்டிக்காட்டினார்கள். பல்லும் வடகிழக்கு ஆசிய வகையோடு பொருந்தாமல் தென்கிழக்கு வகையைப் போல இருந்தது. ‘இவர் எங்கள் முன்னோர்’ என்று சொன்ன பழங்குடியினர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2015இல் டிஎன்ஏ வந்தது. இன்று உலகில் உள்ளவர்களில் அமெரிக்கப் பழங்குடியினருக்குத்தான் அவர் நெருக்கமானவர் என்றது. 2017இல் அந்த மக்கள் அவரை முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

காவல்துறையில் சேர்ந்தபின் அடையாளம் தெரியாத உடலைப் பற்றிப் பல் நிபுணர் அறிக்கை தந்தால், ‘இருக்கலாம்’ என்று அவர் எழுதியதை ‘இருக்கிறது’ என்று படிக்காதீர்கள்.

கே: உலகிலேயே பெரிய பல் யாருக்கு?
– ஏழாம் வகுப்பு மாணவன், திருவாரூர்

ப: இன்றைய மனிதர்களில் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்கு. மற்ற இடங்களில் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் பல் மெல்ல மெல்லச் சிறுத்துவிட்டது. நெருப்பும் பானையும் நமக்காகப் பாதி மென்று கொடுத்ததுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள்.

கே: எனக்கு வயது 35. அறிவுப்பல் முளைக்கவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளேயும் இல்லையாம். குறையா?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: நிம்மதி என்று சொல்லுங்கள்! உலகில் ஐந்தில் ஒருவருக்காவது ஒரு அறிவுப்பல்லேனும் உருவாவதே இல்லை. கிழக்கு ஆசியரிடம் இது இன்னும் கூடுதல். 32 என்பது பாடப்புத்தகத்துக் கணக்கு.

கே: பீக்கிங் மனிதனுக்கும் ஷவல் பல் இருந்ததாமே? அப்படியானால் இன்றைய சீனர்கள் அவனுடைய நேரடி வாரிசுகள்தானே?
– வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்

ப: சௌகௌதியான் குகையில் கிடைத்த அந்தப் பற்களை ஆராய்ந்த ஃபிரான்ஸ் வைடன்ரைக் அப்படித்தான் வாதிட்டார். பார்வைக்கு வலுவான வாதம். ஆனால் நியாண்டர்தால்களுக்கும் குழிந்த முன்பல் உண்டு; அவர்கள் வாழ்ந்ததோ ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும். பீக்கிங் மனிதன் பல லட்சம் ஆண்டுப் பழையவன். ஈடார் மாற்றத்தின் வயதோ சில பத்தாயிரம் ஆண்டுகள். முன்பல்லுக்குக் குழிவு கொடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இயற்கையிடம் இருந்திருக்கின்றன. ஒரே வடிவம் என்பதால் ஒரே வம்சம் ஆகிவிடாது. இதை வகுப்பில் சொல்லுங்கள் சார், பிள்ளைகளுக்கு மறக்காது.

கே: என் மகளின் மேல் கடைவாய்ப்பல்லில் நாக்கு படும் பக்கம் கூடுதலாக ஒரு சிறு மேடு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ‘பல்லுக்குள் பல்’ என்று பயமுறுத்துகிறார்.
– ஒரு தாய், நாகர்கோவில்

ப: அது கரபெல்லி மேடு. ஆஸ்திரியப் பேரரசருக்குப் பல் வைத்தியராக இருந்த கேயார்க் கரபெல்லி 1842இல் எழுதி வைத்தது. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும். நம்மிடமும் அபூர்வமில்லை.

இது எப்படி வருகிறது என்பது கேட்கக் கேட்க இனிக்கும் விஷயம். கருவில் பல் உருவாகும்போது வளரும் பல்மொட்டுக்குள் சில செல்கள் ஒன்றுகூடி ஒரு முடிச்சாகும். ‘இங்கே ஒரு மேடு எழும்பட்டும்’ என்று சுற்றியுள்ள செல்களுக்குச் செய்தி அனுப்பும். கூடவே, ‘என் பக்கத்தில் இன்னொரு முடிச்சு வேண்டாம்’ என்றும் தடுக்கும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, இடைவெளி விட்டுவிட்டுத்தான் முடிச்சுகள் அமையும். பல்மொட்டு பெரிதாக இருந்து, ஏற்கனவே உள்ள முடிச்சுகள் நெருக்கமாகவும் இருந்தால் ஓரத்தில் இன்னொரு புள்ளிக்கு இடம் கிடைத்துவிடும். அந்தக் கடைசிப் புள்ளிதான் உங்கள் மகளின் மேடு. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெஃப், யூக்கா யெர்ன்வால் ஆகியோரின் குழுக்கள் இந்த முடிச்சுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. ‘கரபெல்லிக்கான மரபணு’ என்று தனியாக ஒன்று தேவையில்லை. இடைவெளி கொஞ்சம் மாறினாலே போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேட்டுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் உணவு தங்கிச் சொத்தை பிடிக்கலாம். பிரஷ் அங்கேயும் போகட்டும். இடுக்கு ஆழமாக இருந்தால் டாக்டர் அடைத்துவிடுவார்.

கே: கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் செய்தும் வலி போகவில்லை. வேறு டாக்டரிடம் போனால், ‘இந்தப் பல்லுக்கு மூன்று வேர், ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்’ என்றார். மூன்று வேரும் உண்டா?
– கடை உரிமையாளர், காரைக்குடி

ப: உண்டு. கீழ் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர். கிழக்கு ஆசியரிடமும் இனுயிட் மக்களிடமும் மூன்றாவது வேர் ஐந்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் மிகக் குறைவு. இந்த வேர் நாக்குப் பக்கம் ஒளிந்து நிற்பதால், நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இன்னொரு வேரின் பின்னால் மறைந்துவிடும். கொஞ்சம் சாய்த்து இரண்டாவது படம் எடுத்தால் பிடிபடும். மக்களுக்கு மக்கள் பல் வேறுபடும் என்ற அறிவு மியூசியத்துக்கு மட்டுமில்லை, சிகிச்சை நாற்காலிக்கும் வேண்டும் என்பதற்கு உங்கள் வலியே சாட்சி.

கே: பேரனுக்கு மேல் பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். என் மகன் கலங்கிப் போயிருக்கிறான்.
– பாட்டி, திண்டுக்கல்

ப: அம்மா, கீழ்ப்பல் முதலில் வருவது வழக்கம், சட்டமில்லை. வரிசை மாறி முளைக்கும் குழந்தைகள் நிறைய. மகனைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். மருமகனுக்கு முதல் பல்தேய்க்கும் பிரஷ்ஷை அவர் கையாலேயே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கே: எங்கள் குழந்தை பிறக்கும்போதே கீழே இரண்டு பற்களோடு பிறந்தது. உடனே பிடுங்கிவிட வேண்டும் என்று வீட்டில் நெருக்குகிறார்கள்.
– இளம் தந்தை, பெரம்பலூர்

ப: பொறுங்கள். சில ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இப்படி நடக்கும். பிரான்ஸின் பதினான்காம் லூயி 1638இல் பல்லோடுதான் பிறந்தார். 72 ஆண்டுகள் அரசாண்டார்.

இந்தப் பல் பெரும்பாலும் கூடுதலான பல் அல்ல. ஆறாம், ஏழாம் மாதம் வரவேண்டிய பால்பல் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. பிடுங்கினால் அந்த இடம் ஆறேழு வயது வரை காலிதான். கெட்டியாக நின்று, பால் குடிக்கவும் தடையில்லை என்றால் அப்படியே விடலாம். முனை கூர்மையாக இருந்து குழந்தையின் நாக்கின் அடியிலோ தாயின் மார்பிலோ புண் செய்தால் டாக்டர் அதை மழுங்கச் செய்வார். தொட்டால் ஆடுகிறது, மூச்சுக்குழலில் விழுந்துவிடும் என்ற நிலை இருந்தால் எடுத்தே ஆகவேண்டும். அப்போதும் வீட்டில் நூல் கட்டி இழுக்கிற வேலை கூடவே கூடாது. பிறந்த முதல் நாட்களில் வைட்டமின் கே குறைவால் ரத்தம் நிற்காமல் போகலாம். அந்த ஊசி போட்டாயிற்றா என்று மருத்துவமனையில் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்யவேண்டும்.

கே: என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். இன்குபேட்டரில் இருந்து மீண்டு வந்தாள். இப்போது ஒன்றரை வயது. முளைக்கும் பற்களில் பள்ளமும் மஞ்சள் திட்டுமாக இருக்கிறது. நான் சரியாகப் பால் கொடுக்கவில்லையா?
– ஒரு தாய், சேலம்

ப: இல்லவே இல்லை. முதலில் இதை நம்புங்கள், பிறகு காரணத்தைச் சொல்கிறேன்.

பால்பல்லின் வேலை நீங்கள் கர்ப்பமான ஆறாவது வாரத்திலேயே தொடங்கிவிட்டது. பதினான்காவது வாரம் வாக்கில் முன்பற்களில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் குழந்தைக்கு அள்ளி அள்ளிப் போகின்றன. மகள் அந்த மூன்று மாதங்களை உங்கள் வயிற்றுக்கு வெளியே கழித்தாள். தொற்று, மூச்சுத் திணறல், ரத்தத்தில் கால்சியம் குறைவு என்று அவள் உடல் அப்போது உயிரைக் காப்பதற்கே போராடிக்கொண்டிருந்தது. எனாமல் கட்டும் செல்கள் அந்த நாட்களில் தடுமாறியதுதான் நீங்கள் பார்க்கும் பள்ளம். மூச்சுக்குழாய் வைத்திருந்தால் அது மேல் ஈற்றில் அழுந்தி உள்ளே இருக்கும் பல்மொட்டையும் பாதிப்பதுண்டு.

எலும்பு உடைந்தால் ஒட்டும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் கட்டிய நாளின் நிலவரம் அப்படியே தங்கிவிடுகிறது. குறைமாதம், நிறைமாதம் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு குழந்தையின் பால்பல் எனாமலிலும் பிறந்த நாளுக்கு ஒரு கோடு விழுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். கோட்டுக்கு உள்பக்கம் கருவறைக் காலம், வெளிப்பக்கம் இந்த உலகம். சுகப்பிரசவத்திலும் கோடு உண்டு. தொப்புள்கொடி அறுந்து, தானே மூச்சுவிட்டுத் தானே பால் குடிக்கும் அந்த மாற்றம் குழந்தையின் உடலுக்கு அவ்வளவு பெரியது. பிறந்து சில நாட்களாவது உயிரோடிருந்தால்தான் கோடு தெளிவாக உருவாகும். அதனால் தடயவியல்காரர்களும் தொல்லியல்காரர்களும் இதைத் தேடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: மெல்லிய பிரஷ், அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், இரவில் பால் பாட்டிலோடு தூங்கவிடாமை, இப்போதே குழந்தைகள் பல் மருத்துவரிடம் ஒரு முறை. பள்ளமான எனாமலில் சொத்தை வேகமாகப் பரவும், ஆகவே ‘பால்பல்தானே, விழுந்துவிடும்’ என்று விடாதீர்கள். நிரந்தரப் பற்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகே கெட்டிப்படத் தொடங்குபவை. அவை நன்றாக வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

கே: என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். இரண்டு வயதில்தான் பல் முளைத்தது, அதுவும் சின்னதாக, இரண்டு மூன்று கூம்பு வடிவில். கர்ப்பகாலத்தில் அம்மா ஏதோ சாப்பிட்டதால்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– சகோதரி, விருதுநகர்

ப: உறவினர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்ததுதான் காரணம். பெரும்பாலும் அது கருமுட்டை உருவாகும்போதே நடந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு அதில் பங்கே இல்லை. தாமதமாக முளைப்பது, சிறிய பல், கூம்புப் பல், சில பற்கள் இல்லாமலே போவது எல்லாம் இவர்களிடம் வழக்கம். சொத்தை பலருக்குக் குறைவாகவே வரும். ஆனால் ஈறு நோய் சீக்கிரமும் தீவிரமாகவும் வரும், ஏனென்றால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. உங்கள் தம்பிக்கு நீங்கள் தரவேண்டிய கவனம் ஈறுக்குத்தான். இதயத்தில் ஓட்டை இருந்தால் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: எங்கள் குடும்பத்தில் என் அப்பாவுக்குப் பல் நாலைந்துதான். எனக்கு நன்றாக இருக்கிறது. என் மகனுக்கு இரண்டே கூர்மையான பற்கள், முடியும் மெலிசு, வெயிலில் விளையாடினால் வியர்ப்பதே இல்லை, காய்ச்சல் வந்துவிடுகிறது. மூன்று டாக்டர்கள் மூன்றுக்கும் தனித்தனி மருந்து தந்தார்கள்.
– ஒரு தாய், ராணிப்பேட்டை

ப: உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் யோசித்தேன். மூன்றும் தனித்தனி நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற ஒரே நிலையின் மூன்று முகங்களாக இருக்கலாம். பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றுமே கருவின் வெளிப்படலத்திலிருந்து பிறப்பவை. மரபணு மருத்துவம் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இன்றிலிருந்தே ஒன்று செய்யலாம்: மகனுக்கு வெயில் ஆபத்து. ஈரத்துணி, நிழல், தண்ணீர் எப்போதும் கூடவே இருக்கட்டும். பள்ளியில் எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள். இத்தகைய குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பல்செட் செய்து தருகிறார்கள், வளர வளர மாற்றித் தருகிறார்கள். பேச்சும் சாப்பாடும் முகமும் அதனால் தெளிகின்றன.

தாத்தாவிடமிருந்து, பாதிக்கப்படாத மகள் வழியாக, பேரனுக்கு. இந்தப் பாதையை உலகுக்குச் சொன்ன பழைய பதிவுகளில் ஒன்று நம் துணைக்கண்டத்தைப் பற்றியது. சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகள், தாவரங்களின் வேறுபாடுகள் பற்றிய தம் நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து மாகாணத்தின் ஓர் இந்துக் குடும்பத்தை விவரிக்கிறார். நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இரண்டு தாடையிலும் சேர்த்துப் பன்னிரண்டே பற்கள். உடலில் ரோமம் குறைவு, இளமையிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு அவதி. பெண்கள் யாருக்கும் வரவில்லை, ஆனால் அவர்களுடைய மகன்களுக்கு வந்தது. எக்ஸ் குரோமோசோம் என்ற பெயரே இல்லாத காலத்தில் எழுதியது!

இதற்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ‘ஈடிஏ’ என்ற மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம் எது தெரியுமா? மேலே முதல் கேள்வியில் பார்த்த அதே ஈடார். செய்தி போய்ச்சேராவிட்டால் பல் குறைந்து கூம்பாகிறது, முடி மெலிகிறது, வியர்வை நிற்கிறது. செய்தி சற்று ஓங்கி ஒலித்தால் முன்பல் குழிகிறது, முடி தடிக்கிறது, வியர்வைச் சுரப்பி கூடுகிறது. மணிப்பூர் மாணவியின் பல்லுக்கும் உங்கள் மகனின் பல்லுக்கும் நடுவே இருப்பது ஒரே பாதையின் ஏற்ற இறக்கம். ஒன்றை ‘இனத்தின் அடையாளம்’ என்றும் இன்னொன்றை ‘ஊனம்’ என்றும் பிரித்து வைத்தவர்கள் மனிதர்கள். எனக்கு அந்தப் பிரிவினை கொஞ்சமும் பிடிக்கவில்லை. குழந்தைக்கு உதவி தேவையா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் மகனுக்குத் தேவை.

நம்பிக்கையான செய்தியும் இருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில், கருவிலிருந்த இரட்டையருக்குக் குறைந்துபோன அந்தப் புரதத்தைப் பனிக்குட நீரில் செலுத்தினார்கள். பிறந்தபின் இருவருக்கும் இயல்பாக வியர்த்தது. 2018இல் வெளியான முடிவு இது. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது மரபணு ஆலோசகரிடம் இதையும் கேளுங்கள்.

கே: ஹட்சின்சன் பல் பரீட்சைக்கு வந்தது, எழுதிவிட்டேன். ஆனால் பிறவி சிபிலிஸில் பால்பல் தப்பித்து நிரந்தரப் பல் மட்டும் ஏன் மாறுகிறது?
– பல் மருத்துவ மாணவர், சிதம்பரம்

ப: வடிவம் தீர்மானமாகும் நேரம்தான் காரணம். பால்பல்லின் வடிவம் கருவில் முன்னதாகவே முடிவாகிவிடுகிறது. நிரந்தர முன்பல்லும் முதல் கடைவாய்ப்பல்லும் பிறப்பை ஒட்டிய மாதங்களில் வடிவம் பெறுகின்றன. கிருமி பல்மொட்டில் குடியேறுவது அந்த நேரத்தில். அதனால் முன்பல்லின் நுனி குறுகி நடுவில் வெட்டு விழுகிறது. கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பு மல்பெரிப் பழம்போல் முண்டு முண்டாகிறது. லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1850களின் இறுதியில் இதை அடையாளம் கண்டார். பல், கண்ணின் கருவிழி அழற்சி, காது கேளாமை மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். கர்ப்பிணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் பென்சிலின் ஊசியும் போதும், இந்தப் பல் எந்தக் குழந்தைக்கும் வரவேண்டியதில்லை. நீங்கள் டாக்டரான பிறகு இதைப் பார்க்க நேர்ந்தால், அந்தத் தாய்க்கு யாரோ எங்கோ பரிசோதனை செய்யத் தவறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கே: மகனின் மேல் முன்பல்லின் பின்னால் கழுகு நகம்போல ஒரு கொக்கி. பள்ளியில் கேலி செய்கிறார்கள். அரத்தால் ராவிவிட்டால் என்ன?
– தந்தை, ஓசூர்

ப: ஒரே நாளில் ராவக் கூடாது. அந்தக் கொக்கிக்குள்ளும் சில சமயம் நரம்பும் ரத்தமும் இருக்கும். சில வாரம் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் உள்ளே பல் தன்னைத் தானே மூடிக்கொள்ளும். கடிப்பதில் இடிக்காவிட்டால் சுத்தமாக வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். அபூர்வமாக, அகன்ற கட்டைவிரல் போன்ற வேறு அடையாளங்களும் இருந்தால் ஒரு குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். கேலி செய்யும் பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அதற்கு மகன் பல்லை மாற்ற வேண்டியதில்லை.

கே: உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. பிளவு இருந்த பக்கம் ஒரு பல் மட்டும் கோணலாக வருகிறதே?
– மாமா, கடலூர்

ப: பக்கவாட்டு வெட்டுப்பல்லின் பல்மொட்டு பிளவு விழுந்த இடத்திலேயே இருக்கிறது. இல்லாமலும் போகலாம், இரண்டாகவும் வரலாம். கிளிப் போடும் டாக்டர் பிளவு சிகிச்சைக் குழுவிலேயே இருப்பார், அவரை விட்டுவிடாதீர்கள்.

கே: பாலித் தீவில் எல்லாருக்கும் முன்பல் ஒரே மட்டமாக இருந்ததைப் பார்த்தேன். பரம்பரையா?
– சுற்றுலா சென்று வந்தவர், சென்னை

ப: அரம்! வயதுக்கு வந்தபின் மேல் ஆறு பற்களைச் சடங்காகத் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். மனதின் முரட்டுக் குணங்களைத் தணிப்பதாக அவர்கள் நம்பிக்கை. பிள்ளைக்குப் பிறக்கும்போது அது வராது.

கே: எனக்கு மேல் வரிசையில் நடுப்பற்களுக்கு அடுத்த பல் மட்டும் ஒரு பக்கம் ஆணிபோலச் சின்னது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே மறுத்துவிட்டார்கள். பிள்ளைக்கும் வருமா?
– ஆசிரியை, புதுக்கோட்டை

ப: நூற்றில் சுமார் இரண்டு பேருக்கு இந்தப் பல் அப்படி இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பல்லிலும் கடைசியில் நிற்பதுதான் அதிகம் மாறும்: வெட்டுப்பல்லில் பக்கத்துப் பல், கடைவாயில் அறிவுப்பல். 1939இல் பெர்சி பட்லர் பாலூட்டிகளின் பல்லில் கண்ட ஒழுங்கு இது. மனிதப் பல்லுக்கும் பொருந்தியது. குடும்பத்தில் தொடரலாம், தொடராமலும் போகலாம். ஒரு பக்கம் ஆணியாகவும் மறுபக்கம் பல்லே இல்லாமலும் சிலருக்கு இருக்கும்.

பல்லின் நிறத்திலேயே பூச்சு வைத்து ஒரே நாளில் வடிவம் கொடுத்துவிடலாம். உங்களுக்குக் கண்ணாடியில் பார்க்க அது பிடிக்கும் என்றால் செய்துகொள்ளுங்கள். வந்து மறுத்துப் போனவர்களுக்காக என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கே: குழந்தையை முதன்முதலில் பல் டாக்டரிடம் எப்போது கூட்டிப்போக வேண்டும்?
– புதிதாகத் தாயானவர், தூத்துக்குடி

ப: முதல் பல் முளைத்ததும், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்த பிறகு போனால் குழந்தைக்கு அந்த நாற்காலி என்றாலே அழுகை. போகும்போது பிறந்த வாரம், எடை, இன்குபேட்டரில் எத்தனை நாள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கேட்க மாட்டார்கள். நீங்களே கொடுங்கள்.